பொருக்கைத் தொடாமல் விட்ட மச்சானும் கழுவி எடுத்த நானும்

கொழும்பில் முடி நட்டுக்கொண்டு மட்டக்களப்பு கல்லடிக்குத் திரும்பிய முதல் வாரம் கண்ணாடிக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். நெற்றிக்கு மேலே கடுகைத் தூவி ஒட்டவைத்ததுபோல் கருஞ்சிவப்பாக நூற்றுக்கணக்கில் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஒரு அரிசி நீளம்கூட இல்லாத முடி. அந்தப் பொட்டுகள்தான் பொருக்கு. தொட்டால் நட்ட முடி கையோடு வந்துவிடுமோ என்று ஒரு பயம். தொடாமல் விட்டால் அடியில் சீழ் கட்டிவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டும் மாறி மாறி வந்து நித்திரையைக் கெடுத்தன.

காரைதீவில் இருக்கும் மச்சானும் அதே மாதம்தான் வேறொரு கிளினிக்கில் செய்துகொண்டான். எனக்குத் தந்த தாளில் எந்த நாள் எப்படிக் கழுவ வேண்டும் என்று எழுதியிருந்தது. அவனுக்குத் தந்த தாளில் ‘தொடவேண்டாம்’ என்று ஒரே வரி, எத்தனை நாளைக்கு என்று இல்லை. நான் கழுவினேன், அவன் தொடவே இல்லை. இரண்டு தலையும் எப்படி ஆறின என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இப்போது தலையணையில் சாயப் பயந்து உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவட்டும்.

முதலில் பொருக்கு என்றால் என்ன என்று பார்ப்போம். ஒவ்வொரு கிராப்டையும், அதாவது பின்தலையிலிருந்து வேரோடு எடுத்த முடித் துணுக்கையும், வைக்கத் தோலில் ஒரு சின்னக் கீறல் போடுகிறார்கள். அதில் கசியும் இரத்தமும் நிணநீரும் காய்ந்து மூடியாகிறது. அந்த மூடிக்குக் கீழே கிராப்டைப் பிடித்து வைத்திருப்பது முதலில் இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற பசை மட்டும்தான். புது இரத்தக் குழாய்கள் வந்து சேர்ந்து தோல் அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளச் சில நாள் செல்லும்.

எந்த நாளில் எவ்வளவு பிடிப்பு இருக்கும் என்பதை அமெரிக்க டொக்டர்களான பேர்ன்ஸ்டீனும் ரஸ்மனும் சோதித்துப் பார்த்து 2006இல் எழுதினார்கள். முதல் இரண்டு நாளில் முடியைப் பிடித்து இழுத்தால் கிராப்ட் வெளியே வந்துவிடுகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கைப் பிடித்து இழுத்தாலோ ஐந்தாம் நாள் வரைக்கும் கிராப்ட் கூடவே வருகிறது. ஒன்பதாம் நாளுக்குப் பிறகு எதை இழுத்தாலும் அது அசைவதில்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முடியை விடப் பொருக்குத்தான் ஆபத்தான கைபிடி. அது தடித்துப் போனால் நித்திரையில் விரலுக்கும் தலையணைக்கும் துவாய்க்கும் இலகுவாக அகப்படும். ஆகவே அதைப் பிடுங்காமலும் தடிக்க விடாமலும் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கழுவுவது அதற்குத்தான்.

நான் கழுவிய விதம்

முதல் கழுவல் கிளினிக்கிலேயே நடந்தது. அதற்காகவே இரண்டு இரவு கொழும்பில் தங்கினேன். அறை வாடகை கொஞ்சம் உறுத்தியது உண்மைதான், ஆனால் எவ்வளவு மெதுவாகத் தொட வேண்டும் என்பதைத் தாதி என் தலையிலேயே செய்து காட்டியது எந்தத் தாளிலும் கிடைக்காதது. மச்சான் அன்றிரவே அக்கரைப்பற்று பஸ் ஏறிவிட்டான். இரவு முழுக்க முன் சீற்றில் தலை முட்டிவிடுமோ என்று விழித்தே வந்தானாம்.

வீட்டில் முதல் நான்கு நாளும் பாமசியில் வாங்கிய 0.9 வீத சேலைனை, அதாவது உப்புக் கரைசலை, ஸ்ப்ரே போத்தலில் ஊற்றி, விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை அடித்தேன். ஈரம் இருந்தால் பொருக்கு கல்லாக இறுகாது. பேபி ஷாம்பூவை உள்ளங்கையில் நுரையாக்கி, அந்த நுரையை மட்டும் தலையில் வைத்து எடுப்பேன். தேய்ப்பது கிடையாது. சில நிமிடம் ஊறவிட்டு, ஷவருக்குக் கீழே போகாமல், கோப்பையால் மெல்ல வார்ப்பேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வரண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் உப்புக் கரிக்கும். அதனால் முதல் வாரம் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் பாவித்தேன். ஏழாம் நாளிலிருந்து விரல் நுனியின் சதையால், நகம் படாமல், சின்ன வட்டமாக உருட்டச் சொல்லியிருந்தார்கள்.

எட்டாம் நாள் காலை கோப்பைத் தண்ணீரில் ஒரு பொருக்கு மிதந்தது. அதன் நடுவில் முடி குத்தி நின்றது, முடியின் அடியில் வெள்ளையாக ஒரு சின்ன முண்டு. நெஞ்சு பதறிவிட்டது. வேர் வந்துவிட்டது என்றே நினைத்தேன். கிளினிக்குக்குப் போன் எடுத்தால் டொக்டர் கேட்டது ஒன்றே ஒன்று. “இரத்தம் வந்ததா?” இல்லை என்றேன். “அப்படியென்றால் வேர் உள்ளேதான் இருக்கிறது” என்றார். வெளியே வந்தது முடித்தண்டு. முடியை உண்டாக்கும் பகுதி தோலுக்குள்ளே தங்கிவிடுகிறது. இழந்த கிராப்ட் என்றால் முதல் நாட்களில் அந்த இடத்தில் பொதுவாக இரத்தம் வரும். நட்ட முடியில் பெரும்பகுதி இரண்டாம் வாரத்துக்கும் இரண்டாம் மாதத்துக்கும் இடையில் எப்படியும் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைக்கும் என்றும் சொன்னார். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் அந்தக் காலை எனக்கு அப்படி விடிந்திருக்காது.

பதினோராம் நாள் தலையில் பொருக்கே இல்லை. இளஞ்சிவப்புத் தோல் மட்டும்.

மச்சான் தொடாமல் விட்ட விதம்

அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் 48 மணி நேரத்தில் கை படாமல் இருப்பது நல்லது. கழுவச் சொல்லும் டொக்டர்கள் பலரும் அந்த நேரத்துக்கு அதையேதான் சொல்கிறார்கள். அவன் அந்த இரண்டு நாளைப் பன்னிரண்டு நாளாக நீட்டிவிட்டான், அவ்வளவுதான்.

சிறுபோக வேளாண்மை வெட்டு நேரம். ஐந்தாறு நாள்தான் வீட்டில் அடங்கிக் கிடந்தான், மறுகா வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய்விட்டான். வெட்டு மெஷின் கிளப்பும் தூசியும் பதரும் காய்ந்த இரத்தத்தில் போய் ஒட்டிக்கொண்டன. பன்னிரண்டாம் நாள் வீடியோ அழைப்பில் அவன் தலையைக் குனிந்து காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தனித்தனிப் பொட்டுகள் இல்லை. எல்லாம் ஒன்றாகி, தண்ணீர் வற்றிய வட்டையில் களி வெடித்துக் கிடப்பதுபோல ஒரே பாளம். வெடிப்புகளுக்கு இடையே சின்னச் சின்னப் பருக்கள். “கடி தாங்க முடியல்ல மச்சான், நித்திரையில சொறிஞ்சிருக்கேன் போல” என்றான். நாலாம் நாளே வலது பக்கம் ஒரு இடத்தில் தலையணையில் இரத்தம் பட்டிருந்ததாம். வீட்டில் பயந்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

அன்றே அவனை அவனுடைய கிளினிக்கோடு கதைக்க வைத்தேன். பருக்கள் முடிக்குழியில் வரும் சாதாரண அழற்சிதான் என்றார்கள், பூசுவதற்கு ஒரு மருந்து தந்தார்கள். பொருக்குக்கு எண்ணெய் வைத்து அரை மணி ஊறவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஷாம்பூவும் போட்டு விரல் சதையால் உருட்டி எடுக்கச் சொன்னார்கள். மூன்று நாளில் எல்லாம் வந்துவிட்டது. இந்த வேலையைப் பத்தாம் நாளே செய்திருக்கலாம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆக, தொடாமல் விட்டதால் மட்டும் அவனுக்கு முடி போகவில்லை. கழுவாததால் கடி வந்தது, கடித்ததால் சொறிந்தான், சொறிந்தது நாலாம் நாள். பிடிப்பு வராத நாள் அது. கிராப்ட் போனது அங்கேதான்.

எண்ணெய், கற்றாழை, மஞ்சள்

வெறும் தலையோடு இருக்கும் மகனைப் பார்த்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “மனே, இப்பிடிக் காய்ஞ்சு கிடக்கே, ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைக்கட்டா?” என்று மூன்றாம் நாளே போத்தலோடு வந்துவிட்டார். அப்போது வேண்டாம். திறந்த காயத்தில் எண்ணெய் அழுக்கைப் பிடிக்கும், சமையலறைப் போத்தலும் கிருமி நீக்கியது கிடையாது. கிராப்ட் பிடித்த பிறகு, அதாவது எட்டு ஒன்பது நாளுக்குப் பின், காய்ந்த பொருக்கை இளக்க அதே எண்ணெய் நன்றாக உதவும். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். முற்றத்துக் கற்றாழையை வெட்டி அப்படியே பூசுவது, மஞ்சள் வைப்பது, டெட்டோல் தண்ணீரில் கழுவுவது இவையெல்லாம் முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். அந்த நாட்களில் சேலைனுக்கு இணையாக இவற்றில் எதையும் நான் வைக்கமாட்டேன்.

பின்தலை

எனக்குச் செய்தது எஃப்.யூ.ஈ. என்ற முறை. பின்தலையில் ஒவ்வொரு கிராப்டாக 0.8 முதல் 1 மில்லிமீற்றர் துளை போட்டு எடுத்தார்கள். அங்கே வந்த பொருக்கு ஒரு வாரத்தில் போய்விட்டது. மச்சானுக்கு எஃப்.யூ.டீ. என்ற முறை. ஒரு கீற்றுத் தோலை வெட்டி எடுத்துத் தைத்திருந்தார்கள். தையல் பிரிக்கப் பதினான்கு நாள், குனிந்தால் இழுக்கும், ஒரு மாதத்துக்கு நெல் மூட்டை தூக்கக் கூடாது. கோடாக ஒரு தழும்பு நிரந்தரமாக இருக்கும். கோயிலுக்கு மொட்டை நேர்த்தி வைப்பவர்களும், முடியை ஒட்ட வெட்டுபவர்களும் இதை முன்பே யோசிக்க வேண்டும். ஆறுவது என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் எஃப்.யூ.ஈ.தான் எளிது.

வெயில், ஹெல்மெட், வீக்கம்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் முடி நடாமல் இருக்க முடிந்தால் அதுவே நல்லது. அந்த வரண்ட காற்றில் சேலைன் அடித்த ஈரம் ஐந்து நிமிடம் நிற்காது, பொருக்கு சீக்கிரம் இறுகும். மோட்டார் சைக்கிள் இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு வேலையும் நடக்காது என்பது தெரியும். இருந்தாலும் பத்துப் பதினான்கு நாளைக்கு ஹெல்மெட்டின் உள்பஞ்சு நட்ட இடத்தில் உரசக் கூடாது. ஹெல்மெட் போடாமல் ஓட்டலாம் என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். ஆட்டோவில் போங்கள், அல்லது வீட்டில் இருங்கள்.

மூன்றாம் நான்காம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைக்கு இறங்கலாம். பார்க்கப் பயமாக இருக்கும், சில நாளில் வடிந்துவிடும். தலையை உயர்த்திச் சாய்ந்து படுத்தால் குறையும்.

பயப்பட வேண்டியது வேறு. வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், தோல் சுட்டால், மஞ்சள் சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தால், பொருக்கு இல்லாத தோலே கருத்தோ சாம்பல் நிறமாகவோ போனால், அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். கொழும்பு கிளினிக் போனை எடுக்கவில்லை என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீரிழிவு இருப்பவர்களும் புகைப்பவர்களும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அவர்களுக்குக் காயம் ஆறத் தேவையான இரத்த ஓட்டம் குறைவு.

ஆடி அமாவாசைக்கு இருவரும் மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலுக்குப் போனோம். எனக்கு நட்டு இருபத்தோராம் நாள், அவனுக்குப் பத்தொன்பது. குளத்தில் முங்க ஒரு மாதம் ஆகவேண்டும் என்று இருவருக்கும் சொல்லியிருந்தார்கள். கடலுக்கும் அதே கணக்கு. படியில் நின்று, கையால் அள்ளித் தோளில் மட்டும் தெளித்துக்கொண்டு ஏறிவிட்டோம்.

இப்போது எட்டு மாதம். என் முன்நெற்றி நிரம்பியிருக்கிறது. மச்சானுக்கும் நன்றாகத்தான் வந்திருக்கிறது, வலது பக்கத்தில் பெருவிரல் நகம் அளவு ஓரிடம் மட்டும் ஐதாக இருக்கிறது. போன மாதம் கல்முனைச் சிநேகிதன் ஒருவன் அதே கிளினிக்கில் செய்துகொண்டு வந்தான், கையில் அதே தாள். மச்சான் அதை வாங்கி, ‘தொடவேண்டாம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் நீலப் பேனாவால் ‘2 நாள்’ என்று எழுதினான். அதற்குக் கீழே ‘மூன்றாம் நாள் முதல் நுரை. ஏழாம் நாள் முதல் விரல் சதை. நகம் எப்போதும் இல்லை. டொக்டரிடம் கேட்டு உறுதி செய்’ என்று எழுதி, தன் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தான்.