ஹட்டன் – நுவரெலியா ரோட்டில் வாகனம் நின்றுவிட்டால்: ரிகவரி லொறிக்காரரிடம் கவனம்

மலையகத்து ரோட்டில் வாகனம் ஓட்டுகிற எல்லோரும் தயவுசெய்து இதை வாசியுங்கள். வண்டி ரோட்டோரக் கானில் (வடிகாலில்) இறங்கினாலோ, ஏத்தத்தில் நின்றுவிட்டாலோ, கூப்பிடாமலே வந்து நிற்கிற ரிகவரி லொறியிடம் (நின்றுபோன வண்டியை இழுத்துச் செல்லும் லொறி) கூலி எவ்வளவு, எங்கே இறக்க வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முதல் கேபிளை மாட்ட விடாதீர்கள். எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். விசாரணை நடப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பும் வழி. தலவாக்கலை தாண்டி சென் கிளேயர் பக்கம் நல்ல மழை, பத்தடிக்கு அங்கால் எதுவும் தெரியாத பனி. வளைவில் எதிரே வந்த பஸ் எங்கள் பக்கத்துக்கு ஏறிவிட்டது. ஒதுங்கியதில் இடது பக்க முன் வீல் கானுக்குள் போய்விட்டது. அடி ஒன்றும் பெரிதில்லை. பம்பர் கீறல், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ரிகவரி லொறி வந்து நின்றது. யார் சொன்னார்களோ தெரியாது, நாங்கள் கூப்பிடவில்லை. இறங்கி வந்தவர் நல்லாத்தான் பேசினார். “அண்ணே பயப்புடாதீங்க, அம்மா குளுர்ல நடுங்குறாங்க, நீங்க பஸ்ல போங்க, நாங்க பத்திரமா கொண்டாந்து விடுறோம்.” பேசி முடித்த கூலி 18,000 ரூபாய். இறக்க வேண்டிய இடம் கோட்டகலையில் நாங்கள் வழக்கமாகப் போகும் கராஜ். எங்களுடையது வேகன் ஆர், முன் வீலால் ஓடுகிற ஆட்டோ கியர் வண்டி. அதனால் முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும் என்றும் சொன்னேன். மூன்றையும் அங்கேயே வாட்ஸ்அப்பில் எழுதி அவருடைய நம்பருக்கு அனுப்பினேன். “சரிண்ணே” என்று பதிலும் வந்தது. பிறகுதான் அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றினேன்.

கோட்டகலையில் ரோட்டோரமாக என் தம்பி காத்துக்கொண்டிருந்தான். லொறி வந்தது, ஆனால் நிற்கவில்லை. கை காட்டினான், ஹோர்ன் அடித்துக்கொண்டே ஹட்டன் பக்கம் போய்விட்டது. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, முன் வீல் இரண்டும் ரோட்டில் உருள உருள இழுத்துக்கொண்டு போனார்கள். தம்பி அதைப் போனில் வீடியோ எடுத்துவிட்டான்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டோ கியர்பொக்ஸுக்குள் ஒயிலைச் சுற்ற வைக்கும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஓட்டும் வீலை ரோட்டில் உருளவிட்டு இழுத்தால், உள்ளே ஒயில் போகாமலே பாகங்கள் சுற்றும். சூடாகித் தேய்ந்துவிடும். முன் வீலால் ஓடுகிற வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு லொறியில் நாலு வீலையும் ஏற்ற வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அன்று இரவு போனை எடுக்கவில்லை. மறுநாள் காலை எடுத்து, “கராஜ் பூட்டியிருந்திச்சுண்ணே, நம்ம யார்டுலதான் வச்சிருக்கோம்” என்றார். பொய். கராஜ் திறந்திருந்தது, தம்பி அதன் வாசலில்தான் நின்றான். ஹட்டனைத் தாண்டி அந்த யார்டுக்குப் போனபோது முன் பம்பர் கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தது. கீழே ஒரு தகரத் தட்டில் கியர் ஒயில் வடித்து வைத்திருந்தார்கள். யார் கழற்றச் சொன்னது என்று கேட்டேன். “செக் பண்ணிப் பாத்தோம், கியர்பொக்ஸ் போயிருச்சு, நாங்களே செஞ்சு தாறோம்” என்றார். பிறகு ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, சிங்களத்தில் ஐந்து வரி எழுதி நீட்டினார். இழுத்த கூலி, நைட் சார்ஜ், ரிஸ்க் சார்ஜ், யார்ட் வாடகை, செக் பண்ணின கூலி. மொத்தம் 64,500. கடைப் பெயர் இல்லை, திகதி இல்லை, கையெழுத்து இல்லை. காசைக் கட்டினால்தான் சாவி, ஒவ்வொரு நாளும் வாடகை 2,000 கூடும் என்றார். முறையான பில் கேட்டதற்கு, “பில் வேணும்னா இன்னும் கூடும்” என்று பதில்.

நம் ஆட்களில் பலர் இந்த இடத்தில்தான் கையை மடக்கிவிடுகிறார்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டிவிட்டு, வாகனம் கிடைத்ததே போதும் என்று வந்துவிடுகிறார்கள். ஸ்கூல் வேன் ஓடுகிறவர், மரக்கறி லொறி ஓடுகிறவர், ஓட்டோக்காரர் எல்லாம் ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் இல்லாதவர்கள். அந்த அவசரத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நாங்கள் அங்கே சத்தம் போடவில்லை. கழற்றிய பம்பர், ஒயில் தட்டு, அந்தக் கொப்பித் தாள், மீற்றர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு நேராகப் பொலிஸுக்குப் போய் முறைப்பாடு பதிந்தோம். வாட்ஸ்அப்பில் இருந்த 18,000 என்ற எண்ணும், “சரிண்ணே” என்ற பதிலும், தம்பியின் வீடியோவும் கையில் இருந்ததால் பேச்சே வேறு மாதிரி இருந்தது. பொலிஸார் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பேசிய 18,000 ரூபாயை அவர்கள் முன்னிலையில் கொடுத்தோம், எழுதிய ரசீது வாங்கினோம், வண்டியை எடுத்தோம். ஆனால் கியர் சரியாக விழவில்லை, அந்தச் சேதம் எங்கள் தலையில்தான் நிற்கிறது. அதற்காகத்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு இருப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அது கடையில் வாங்கும் அரிசிக்கும் பால்மாவுக்கும் மட்டும் உள்ளதல்ல, காசுக்குச் செய்து தருகிற சேவைக்கும் உள்ளது. ஏமாற்றும் விதமாக நடந்துகொள்வதை 30 ஆம் பிரிவும், பொய்யான வாக்குறுதி கொடுப்பதை 31 ஆம் பிரிவும் தடுக்கின்றன. எங்கள் விஷயத்தில் முக்கியமானது 32 ஆம் பிரிவு. தொழிலாகச் சேவை செய்கிறவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது என்று அது சொல்கிறது. ஆட்டோ கியர் வண்டியைத் தப்பான பக்கம் தூக்கி இழுத்தது அந்தக் கவனத்தோடு செய்த வேலையா என்பதுதான் நாங்கள் கேட்கிற கேள்வி.

முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தை மறந்துவிடாதீர்கள். “பாப்போம், பேசித் தீத்துக்கலாம்” என்று அலைய வைத்தே காலத்தைக் கடத்திவிடுவார்கள். 13 ஆம் பிரிவின்படி விசாரித்து நட்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் இருக்கிறது. அவசரத்துக்கு 1977 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.

யார்டுக்காரர்கள் எப்போதும் சொல்கிற ஒன்று, “காசு கட்டும்வரை வண்டிய வச்சிருக்க எங்களுக்கு உரிமை இருக்கு” என்பது. அதில் பாதி உண்மை. செய்யச் சொன்ன வேலையின் கூலிக்காகவும், வண்டிக்கு அவசியமாகச் செய்த செலவுக்காகவும் அதைப் பிடித்து வைத்திருக்கும் உரிமையை நம் நாட்டில் புழங்கும் ரோமன் டச்சுச் சட்டம் ஒத்துக்கொள்கிறது. அதனால் பேசிய கூலியைக் கொடுக்காமல் வண்டியைத் தா என்று கேட்க முடியாது. ஆனால் அவர்கள் மனதுக்கு வந்த தொகைக்கெல்லாம் அந்த உரிமை இல்லை. கேட்காமல் பம்பரைக் கழற்றிவிட்டு அதற்குக் கூலி, நாம் சொன்ன இடத்தில் இறக்காமல் தங்கள் யார்டில் போட்டுவிட்டு அதற்கு வாடகை, இதெல்லாம் எந்த ஊர் நியாயம்? வேறு வழியே இல்லாமல் கேட்ட தொகையைக் கட்ட வேண்டி வந்தால்கூட, “ஆட்சேபனையோடு செலுத்துகிறேன்” என்று ரசீதிலும் உங்கள் பிரதியிலும் எழுதுங்கள். எழுத விடாவிட்டால் அதே நிமிடம் அவர் நம்பருக்கு மெசேஜாக அனுப்புங்கள். கட்டிவிட்டதால் ஒத்துக்கொண்டதாக ஆகாமல் இருக்க அது உதவும்.

ஃபுல் இன்சூரன்ஸ் இருப்பவர்கள் வண்டியை அசைப்பதற்கு முதல் இன்சூரன்ஸ் கம்பனிக்குப் போன் செய்யுங்கள். பல பொலிசிகளில் இழுத்துச் செல்லும் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கும். அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பதற்கு முதல் வண்டி இடம் மாறினால் பிறகு பிரச்சினை கிளப்புவார்கள். மூன்றாம் தரப்பு மட்டும் போட்டிருந்தால் இந்தச் செலவு நம் கையிலிருந்துதான் போகும், அப்போது பேரம் பேசுவதில் இன்னும் கவனம் தேவை. வண்டிக்குள் இருக்கும் புத்தகம், லைசன், பணம், மருந்து எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். லொறியின் நம்பர் தகட்டையும், தூக்கிய விதத்தையும் படம் எடுங்கள்.

புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். வாசித்துச் சொல்ல ஒருவர் வரும்வரை வண்டி அங்கேயே நிற்கட்டும்.

இந்த ரோட்டில் இதே மாதிரி மாட்டிக்கொண்ட வேறு சிலரையும் எங்களுக்கு இப்போது தெரியும். உங்களுக்கும் நடந்து இன்னும் மூன்று மாதம் தாண்டவில்லை என்றால், திகதி, இடம், லொறி நம்பர், பேசிய கூலி, வாங்கிய கூலி இவற்றை ஒரு தாளில் எழுதி, இருக்கிற ரசீது, மெசேஜ், படம் எல்லாவற்றின் பிரதியையும் சேர்த்து அதிகாரசபைக்குக் கொடுங்கள். கையால் எழுதினாலும் பரவாயில்லை. தமிழிலேயே எழுதுங்கள், நாங்களும் தமிழில்தான் எழுதிக் கொடுத்தோம்.