நாய்க்கென்று விற்ற மாட்டிறைச்சியில் வெங்காயம்: வாங்குகிறவர்கள் கவனம்

நாய்க்கென்றே வேகவைத்து பாக்கெட் போட்டு விற்கும் மாட்டிறைச்சியை ஒருவரிடம் வாடிக்கையாக வாங்கிக்கொண்டிருந்தேன். உப்பு இல்லை, மசாலா இல்லை, வெறும் கறியும் தண்ணீரும்தான் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். வாங்கும் முன் வாய்விட்டுக் கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார்.

கொஞ்ச நாளில் நாய் சுணங்கிப் படுத்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சிறுநீர் கறுத்துப் போகிறது. மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறிக் கிடந்தது. ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வெங்காயம், பூண்டு எதையாவது தின்றதா என்றுதான் முதலில் கேட்டார். வீட்டில் அதையெல்லாம் அதன் பக்கத்திலேயே கொண்டுபோக மாட்டோம். மிச்சமிருந்த பாக்கெட்டைப் பிரித்து, மேலே உறைந்திருந்த கொழுப்பைக் கரண்டியால் ஒதுக்கிப் பார்த்தால், அடியில் கறியோடு ஒட்டிக்கொண்டு குழைந்துபோன வெங்காயம்!

விற்றவரிடம் கேட்டதற்கு, "வாசனைக்குக் கொஞ்சம் போட்டோம், வெந்துவிட்டால் ஒன்றும் செய்யாது" என்கிறார். சுத்தப் பொய். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, பொடியாகப் போட்டால் இன்னும் மோசம். அதிலும் ஒரேயடியாக நிறையத் தின்றால்தான் என்றில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாலும் ரத்தசோகை வரும். தின்ற அன்றே ஒன்றும் தெரியாது, பல நாட்கள் கழித்துத்தான் தெரியவரும், அதனால் நமக்கும் சாப்பாட்டின் மேல் சந்தேகமே வராது.

அப்புறம் அந்தக் கொழுப்பு. கறி என்று காசு வாங்கிக்கொண்டு பாதிக்குக் கொழுப்பை வெட்டிப் போட்டிருந்தார்கள். கொழுப்பு அதிகமானால் சில நாய்களுக்குக் கணைய அழற்சி வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. இதில் "இதுவே முழுச் சாப்பாடு, வேறெதுவும் வேண்டாம்" என்று வேறு சொல்லி விற்கிறார்கள். வெறும் கறியில் கால்சியம் மிகக் குறைவு, வளரும் குட்டிக்கு அதையே கொடுத்தால் எலும்பு வலுவிழந்து போகும்.

இப்போது கொழுப்பில்லாத துண்டாக வாங்கி, வெறும் தண்ணீரில் நானே வேகவைக்கிறேன். கொத்துக்கறி என்றால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், அப்போதுதான் சால்மொனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகள் சாகும். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். வேகவைத்த எலும்பையும் போடாதீர்கள், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்திவிடும்.

என் நாய் மெல்லத் தேறி வருகிறது. அவர் பணத்தையும் திருப்பித் தரவில்லை, பாக்கெட்டில் அச்சடித்ததையும் மாற்றவில்லை, விற்பனை நடந்துகொண்டேதான் இருக்கிறது. இப்படி எதையாவது உங்கள் நாய் தின்றிருந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், மிச்சமிருக்கும் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.