வெட்டும் கருவிக்கு வைரமா, போரான் நைட்ரைடா?

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை, வளிமண்டலத்தைப் போல சுமார் 50,000 மடங்கு அழுத்தத்திலும் 1,500 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் உருகிய உலோகத்தோடு வைத்தால் வைரமாகிவிடும். 1954-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இது நடந்தது. 1957-இல் அங்கேயே ராபர்ட் வென்டார்ஃப், போரானும் நைட்ரஜனும் சேர்ந்த மெத்தென்ற போரான் நைட்ரைடையும் அப்படியே நெருக்கிக் கனசதுரப் படிகமாக்கினார்.

கடினத்தில் வைரத்துக்குத்தான் முதலிடம். மற்றது கிட்டத்தட்ட பாதிதான். ஆனால் சூடு ஏறினால் கதையே வேறு. காற்றில் 800 டிகிரி வாக்கில் வைரம் எரிய ஆரம்பிக்கும். (என்ன இருந்தாலும் கரிதானே!) இரும்பை வெட்டும்போது எழும் சூட்டில் அதன் கார்பன் இரும்புக்குள் கரைந்தும் போகும். கனசதுர போரான் நைட்ரைடோ 1,000 டிகிரியிலும் அசராது, இரும்போடு வினைபுரிவதும் அரிது.

கல், கண்ணாடி, அலுமினியம் என்றால் வைரம். கடினப்படுத்திய எஃகைக் கடைய வேண்டுமா? யோசிக்காமல் இரண்டாவதை எடுக்கலாம்.