சுடுவதற்கு முன் அலங்காரம்: மண் குழம்பா, அண்டர்கிளேஸா?

வீட்டில் கையால் செய்த குவளைக்கும் கிண்ணத்துக்கும் சுடுவதற்கு முன்பே அழகு சேர்க்க இரண்டு வழிகள் எளிதாகக் கைக்கு வரும். நிற மண்ணைக் கரைத்துப் பூசி அதன்மேல் கீறுவது ஒன்று. புட்டியில் விற்கும் அண்டர்கிளேஸால், அதாவது பளபளக்கும் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் போடும் வண்ணத்தால், வரைவது இன்னொன்று. சென்னை தண்டையார்பேட்டை வீட்டில் இரண்டையும் செய்து பார்த்து, நான் மண் குழம்பின் பக்கம் வந்துவிட்டேன். (அக்ரிலிக் பெயிண்ட் இந்தப் பேச்சிலேயே வராது. சூளையில் எரிந்து போய்விடும்.)

நிறத்தில் அண்டர்கிளேஸ்தான் மேல். நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் கிடைக்கும், மெல்லிய கோடும் வரும். நன்றாகக் காய்ந்த பிறகும் பூசலாம், ஒருமுறை சுட்ட பிறகும் பூசலாம். விலைதான் கூடுதல்.

மண் குழம்புக்கு நேரம் பார்க்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் பூசினால்தான் பாண்டமும் பூச்சும் சேர்ந்து சுருங்கும். காய்ந்த பாண்டத்தில் பூசினால் ஏடு ஏடாக உரியும். பாண்டம் செய்த அதே மண்ணைக் கரைத்து, கொஞ்சம் சிவப்பு இரும்பு ஆக்சைடு சேர்த்து, வடிகட்டி, தோசை மாவுப் பதத்தில் வைத்துக்கொண்டால் அடர் பழுப்பு கிடைக்கும். பூச்சின் ஈரம் இழுத்ததும் ஆணியால் கீறினால் உள்ளே இருக்கும் மண்ணின் நிறம் கோடாகத் தெரியும். வெள்ளை வேண்டுமானால் வெள்ளைக் களிமண்தான். அதன் சுருக்கம் வேறு என்பதால் முதலில் ஒரு துண்டு மண்ணில் பூசிச் சோதிப்பது நல்லது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். நம்மில் பெரும்பாலானோர் வீட்டில் சூளை கிடையாது. சுடாத பாண்டத்தை அட்டைப் பெட்டியில் வைத்து ஷேர் ஆட்டோவில் மடியில் ஏந்திக்கொண்டுதான் சூளை இருக்கும் இடத்துக்குப் போகிறோம். காய்ந்த மண்மேல் பூசிய அண்டர்கிளேஸ் தூள் மாதிரி மேலேயே நிற்கும். செய்தித்தாள் உரசினால் கோடு மங்கும், சூளையில் அடுக்குபவர் விரல் பட்டால் பக்கத்துப் பூவுக்கு நீலம் ஏறும். ஈரமாக இருக்கும்போதே பூசிய மண் பாண்டத்தோடு ஒட்டிவிடுகிறது, கீறலோ உரசலில் போகாது. பள்ளமும் மேடுமான சாலையில் போய் வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒருமுறை சுட்டுக் கொண்டுவந்து அண்டர்கிளேஸ் பூசினால் இந்தப் பிரச்சினை இல்லைதான். ஆனால் சூளைக்கு இரண்டு தடவை போக வேண்டும், கூலியும் இரண்டு தடவை.

மதியக் கடல்காற்றில் பாண்டத்தின் ஒரு பக்கம் மட்டும் முந்திக் காய்ந்து விளிம்பு வெடிக்கும். பாலிதீன் கவரைத் தளர்வாகப் போர்த்தி வைத்தால் குழம்பு பூசும் பதமும் கூடுதல் நேரம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாமே மெதுவாகக் காயும். உள்ளே ஈரம் இருக்கும்போது சூளையில் வைத்தால் நீராவி பாண்டத்தை உடைத்துவிடும் என்பதால் அந்த மாதங்களில் அவசரம் வேண்டாம்.

மேலே கண்ணாடிப் பூச்சு போட்டுச் சாப்பிடப் பயன்படுத்தும் பாத்திரங்களில் எனக்குப் பழக்கம் குறைவு, நான் செய்தவை பூந்தொட்டியும் அகலும்தான். வீட்டிலேயே மின்சூளை வைத்திருப்பவர்களும், பல நிறத்தில் படம் வரைய நினைப்பவர்களும் அண்டர்கிளேஸையே எடுங்கள்.