தீப்பிடித்த வீட்டுக்கு வாடகை வேலி: நான் ஏமாந்த கதை

சமையலறையில் பிடித்த தீயில் வீட்டின் பின்பாதி போய்விட்டது. யாரும் உள்ளே நுழையாமல் அடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தீயணைப்பு வண்டி கிளம்பியது. காப்பீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். மேற்கொண்டு சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரர் பொறுப்பாம். அந்தப் பதற்றத்தில், "2 மணி நேரத்தில் வேலி போட்டுவிடுவோம்" என்ற முதல் ஆளிடமே சரி என்றுவிட்டேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அதில் குறையில்லை. கம்பிவலைத் தட்டிகளைக் கால்கட்டைகளில் சொருகி நிறுத்தி, மறைப்புக்குப் பச்சைத் துணியும் கட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் இரவு காற்றடித்ததும் எட்டுத் தட்டிகள் வரிசையாகச் சாய்ந்தன. அந்நேரம் நடைபாதையில் யாரும் இல்லை, நல்லவேளை. காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் மோட்டாரைக் காணோம். தீயில் தப்பிய செம்பு வயரையும் உருவியிருந்தார்கள்.

சீரமைப்பு வேலைக்கு வந்த மேஸ்திரிதான் விளக்கினார். வெறும் வலை என்றால் காற்று ஊடே போய்விடும். துணி கட்டிவிட்டால் தட்டி கப்பல் பாய் மாதிரி ஆகிவிடும். பின்னால் முட்டுக்கம்பி கொடுத்து, அதன் அடியில் பாரமும் வைக்க வேண்டும். எங்கள் வேலியில் ஒரு முட்டுக்கூட இல்லை. இரண்டு தட்டி சேரும் இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு கிளாம்ப் போடுவார்கள். இங்கே மேலே மட்டும் ஒன்று, அதுவும் நட்டு தெருப்பக்கம்! ஸ்பானர் இருந்தால் யாரும் கழற்றலாம். இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அன்றே போன் செய்து, வேலியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தார்கள். அதுவரைக்கும் வாடகை, வளைந்த தட்டிகளுக்கு விலை என்று பில்லும் வந்தது. எழுத்தில் தகவல் தந்தால்தான் வாடகை நிற்கும் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. விழுந்த தட்டிகளைத் தொடுமுன் படம் எடுத்து வைத்திருந்தேன், நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். அதைக் காட்டிய பிறகு தட்டி விலையை விட்டார்கள். வாடகையை விடவில்லை.

இப்போது வேறு ஆளிடம் எடுத்திருக்கிறேன். வாடகை எந்த நாளில் நிற்கும் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வாங்கினேன். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு தட்டியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். வந்த பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.