டிரம்மா, டிஸ்க்கா: பழைய காரின் பிரேக்கில் எங்கே கை வைப்பது?

பழைய காரின் பிரேக்கை மாற்ற வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது முன்சக்கர டிஸ்க் கிட்டைத்தான்; சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பேடால் கவ்விப் பிடிக்கும் பிரேக்கின் உதிரித் தொகுப்பு அது. நான் முதலில் கேட்பது வேறு: இப்போதுள்ள டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும் பிரேக், தன் முழு பலத்தோடு வேலை செய்கிறதா? பல கார்களில் இல்லை. பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கும், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து, ஷூமேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங்கை நனைத்திருக்கும். அந்த நிலையிலுள்ள டிரம்மோடு புது டிஸ்க்கை ஒப்பிட்டால் டிஸ்க் ஜெயிக்கத்தான் செய்யும். அது நியாயமான ஒப்பீடு இல்லை.

நன்றாகச் சீர்செய்த டிரம்மில் ஒரு தனி அழகு உண்டு. சுழலும் டிரம்மே முன்னணி ஷூவை (டிரம் சுழலும் திசையிலேயே தள்ளப்படும் ஷூவை) தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமலே, அளவான மிதியில் கார் நின்றுவிடும். ஊருக்குள் நிதானமாக ஓட்டுபவருக்கு இது போதும். காரின் அசல் தன்மையும் கெடாது.

சிக்கல் சூட்டில் தொடங்குகிறது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். நீண்ட மலை இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும். விரிய விரிய ஷூவை விட்டு விலகும். பெடல் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கீழே இறங்கும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். டிஸ்க்கோ சூட்டில் பேடை நோக்கித்தான் தடிக்கும், காற்றுபட்டுச் சீக்கிரம் ஆறும், தண்ணீரையும் சுழன்றே உதறிவிடும். 1953 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றபோது உலகம் பார்த்தது இதைத்தான்: அதிவேகத்திலிருந்து திரும்பத் திரும்பப் பிடித்தாலும் தளராத பிரேக்.

ஆனால் டிஸ்க்குக்குத் தானே இறுக்கிக்கொள்ளும் குணம் கிடையாது. அதே நிறுத்தத்துக்குக் கூடுதலாக மிதிக்க வேண்டும்; பெரும்பாலும் பூஸ்டர் தேவைப்படும். பேடை அழுத்தும் காலிப்பருக்கு அதிக பிரேக் ஆயில் வேண்டுமென்பதால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பழைய மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவும் பொருந்தாமல் போகலாம். மிதியை விட்ட பிறகும் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்க, டிரம்முக்கென அதில் வைத்திருக்கும் எச்ச அழுத்த வால்வை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். சக்கரம் சிறியதென்றால் காலிப்பர் ரிம்மில் இடிக்கும். ஆக, கிட்டின் விலை மட்டுமே செலவு அல்ல.

பூஸ்டரை மட்டும் வைத்தால்? கால் வலி குறையும், அவ்வளவுதான். சூடான டிரம்மை அது குளிர வைக்காது. டயரின் பிடிப்பையும் கூட்டாது.

இந்த மாற்றங்களில் யாரும் ஆசையோடு பேசாதது, பிரேக் குழாய்களை இரண்டு தனிச் சுற்றாகப் பிரிக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். ஒற்றைச் சுற்றுக் காரில் ஒரு குழாய் வெடித்தாலே நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கை பிரேக் மட்டும். இரட்டைச் சுற்றில் பாதியாவது பிடிக்கும். என் கணக்கில் முதல் செலவு இதற்கும் புது ஹோஸுக்கும்தான். மலைப்பாதை, நெடுஞ்சாலை வேகம், முழு பாரம் என்று ஓட்டுபவர் அடுத்து முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடட்டும். பிரேக் பிடிக்கையில் எடை முன்னே சாய்வதால் பெரும்பங்கு வேலை அங்கேதான் நடக்கிறது. பின்சக்கரத்தில் டிரம்மே இருக்கலாம்.

வேலையில் இறங்குபவர் கவனிக்க: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். சிலிகான் வகை டாட் 5 பிரேக் ஆயிலை டாட் 3, டாட் 4 உடன் கலக்காதீர்கள். எல்லாம் முடிந்ததும் ஆளில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். முன்சக்கரம்தான் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் முந்திக்கொண்டால் காரின் வால் சுழன்றுவிடும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைப் பொருத்திச் சரிசெய்யும்வரை அந்தக் காரைச் சாலையில் இறக்கக் கூடாது.