மூங்கில் நாற்றுக்கு வேர் உட்பூசணம்: தொட்டியில் பெருக்குவதா, கண்ணாடித் தட்டில் பெருக்குவதா?

மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அதன் வேரோடு கூடி வாழ்வது, பைன் மர வேரின் நுனியை உறையிட்டு மூடும் வெளிப்பூசணம் (பூசணம் என்பது பூஞ்சை) அன்று. வேரின் உயிரணுக்களுக்குள் நுழைந்து நுண்கிளைகளாகப் பிரிந்து, மண்ணிலிருந்து திரட்டிய மணிச்சத்தை (பாஸ்பரஸ்) வேருக்குக் கொடுத்து, சர்க்கரையையும் கொழுப்பையும் பெற்றுக்கொள்ளும் உட்பூசணமே. (மூங்கில் காட்டில் வலை விரித்தாற்போல் முளைக்கும் காளானையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு, அது மட்கும் பொருளை உண்டு வாழ்வது.) வெளிப்பூசணங்கள் பலவற்றை வெறும் ஊட்டக் கரைசலிலேயே வளர்த்துவிடலாம். உட்பூசணத்தைப் பெருக்கவோ, நடைமுறையில், உயிருள்ள வேர் தேவை.

காட்டு மண்ணை அள்ளி நாற்றங்காலில் கலப்பது எளிதுதான். ஆனால் நூற்புழுக்களும் வேரழுகல் கிருமிகளும் கூடவே வரும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொட்டி முறையில், மூங்கில் வேரடி மண்ணை நீரில் கரைத்துச் சல்லடைகளில் வடித்துப் பூசண வித்துகளை (பூஞ்சை முளைத்தெழும் நுண்துகள்களை) பிரிக்கிறார்கள். ஆய்வாளர்கள் கெர்டமானும் நிக்கல்சனும் 1963-இல் விவரித்த வழி இது. பிறகு கிருமி நீக்கிய மணற்கலவையில் சோளம் அல்லது மக்காச்சோளத்தின் வேரோரம் அவற்றை இட்டு, மணிச்சத்தைக் குறைத்தே கொடுத்து, மூன்று நான்கு மாதங்கள் வளர்த்தபின் நீரை நிறுத்தித் தண்டை வெட்டிவிட்டு, நறுக்கிய வேரையும் மணலையும் சேர்த்தே இடுபொருளாக்குகிறார்கள். உட்பூசண வகைகளுள் ரைசோஃபேகஸ் வேர்த்துண்டிலிருந்தே மீண்டும் கிளம்பும். ஜிகாஸ்போராவுக்குப் பெரும்பாலும் வித்துதான் வேண்டும். வேர்த்துண்டும் வித்தும் கலந்து கிடைப்பது இம்முறையின் பலம். சுமை அதிகம், அயல் கிருமி நுழையும், விரைந்து வித்திடும் இனமே சுற்றுக்குச் சுற்று மேலோங்கும் என்பவை குறைகள்.

தட்டு முறை வேறு வகையானது. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் பாக்டீரியாவால் மாற்றப்பட்ட கேரட் வேர், இலையோ தண்டோ இல்லாமல் சர்க்கரை ஊடகத்திலேயே வளர்ந்துகொண்டிருக்கும். 1988-இல் ஆய்வாளர்கள் பெக்கார்டும் ஃபோர்ட்டினும் இவ்வேரில் உட்பூசணத்தை வளர்த்துக் காட்டினர். பின்னாளில் வந்த இரு அறைத் தட்டில் வேர் ஓர் அறையில் நிற்க, பூஞ்சையிழைகள் மட்டும் தடுப்பைத் தாண்டி மறு அறையில் வித்திடுகின்றன. கிடைக்கும் வித்து மாசற்றது. ஆனால் இங்கு நன்கு செழிப்பது ரைசோஃபேகஸ் இர்ரெகுலாரிஸ் போன்ற சில இனங்களே. மூங்கில் மண்ணின் பிற இனங்களுள் பல தட்டில் பிடிகொடுப்பதில்லை.

விதை நாற்றுக்கும் கணுத்துண்டு நாற்றுக்கும், அவற்றை நடவிருக்கும் மண்ணுக்குப் பழகிய இனங்களைக் கொண்ட தொட்டிக் கலவையே என் தேர்வு. திசு வளர்ப்பு நாற்றின் நிலை வேறு: பூஞ்சையே இல்லாத வேரோடு குடுவையைவிட்டு வெளிவரும் அந்த மென்மையான கன்றுக்கு, வெளிச்சூழலுக்குப் பழக்கிக் கடினப்படுத்தும் கட்டத்தில் கிருமி கொண்டுவராத தட்டு வித்துதான் பொருந்தும். எதை இட்டாலும் மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் வேர் பூஞ்சையை உள்ளே விடாது. பொட்டலத்தில் அச்சிட்ட வித்து எண்ணிக்கையையும் நம்பி அமரக் கூடாது. சில வாரங்கள் கழித்து நாற்றின் நுண்வேரை எடுத்து, காரத்தில் வெளுக்கவைத்து, டிரிப்பான் நீலச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பூஞ்சை குடியேறியதா என்பது தெரியும்.